"என் லேப்டாப்ல எல்லாம் பாஸ் ஆச்சே!" - ஒரு டெஸ்டரைத் திருத்திய குழம்புக் கரண்டி

"என் லேப்டாப்ல எல்லாம் பாஸ் ஆச்சே!"

இரவு 9 மணிக்கு ஆபீஸிலிருந்து போன் வந்ததும் அந்தப் பெண் சொன்னது இதுதான். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் நிறுவனத்தில் டெஸ்டர். பில் போடும் மென்பொருளைத் தானாகவே சோதித்துப் பார்க்கும் ஸ்கிரிப்ட்டுகளை எழுதுவது அவர் வேலை. எழுதியது விண்டோஸ் லேப்டாப்பில். அன்றுதான் முதன்முறையாக லினக்ஸ் சர்வரில் ஓட்டினார்கள். வரிசையாக ஃபெயில்!

பில் கணக்கில்தான் கோளாறு என்று முடிவு செய்து, அதை எழுதிய டெவலப்பரை வரவழைத்தார்கள். மகளின் பிறந்தநாள் கேக் வெட்டிய கையோடு ஓடி வந்த மனிதர், விடிய விடியத் தேடினார். கணக்கில் ஒரு பைசா தப்பில்லை. தப்பு, சோதனையில் இருந்தது.

ஃபைல் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது. ஸ்கிரிப்ட்டில் சின்ன எழுத்து. விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு ஃபைல்கள்.

இன்னொரு இடத்தில் 'சி டிரைவ்' என்றே எழுதியிருந்தார். லினக்ஸில் சி டிரைவ் என்ற ஒன்றே கிடையாது. ஃபோல்டர்களைப் பிரிக்கும் சாய்வுக்கோடுகூட இரண்டிலும் எதிரெதிர்த் திசை. 1983-ல் எம்.எஸ்.டாஸ் 2.0-வில் ஃபோல்டர் வசதி வந்தபோது, அந்தக் கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்தது. அதனால் வந்த வித்தியாசம்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. ஒரு வரி முடிந்தால் விண்டோஸ் இரண்டு மறைகுறிகள் வைக்கும், லினக்ஸ் ஒன்றுதான். அச்சு முனையை வரியின் தொடக்கத்துக்குத் திருப்ப ஒன்று, காகிதத்தை நகர்த்த ஒன்று என்ற டெலிபிரின்டர் காலத்துப் பழக்கம் அது. பில்லை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட ஸ்கிரிப்ட், சரியான பில்லையும் தப்பு என்றது.

அவருக்கு அம்மாவின் குழம்பு ஞாபகம் வந்தது. "நம்ம கரண்டியில ரெண்டு கரண்டி மிளகாய்த்தூள்" என்று அம்மா போனில் சொல்ல, ஹாஸ்டல் கரண்டியில் அளந்து போட்டு, வாயில் வைக்க முடியாமல் போன குழம்பு. குறிப்பில் தப்பில்லை. கரண்டிதான் வேறு. அது அம்மாவுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாளே மாற்றத் தொடங்கினார். ஃபைல் இருக்கும் வழியைக் கையால் எழுதாமல், பைத்தானின் பாத்லிப் வசதியிடம் விட்டார். தற்காலிக ஃபைலை எங்கே வைப்பது என்பதை அந்தந்தக் கணினியிடமே கேட்க வைத்தார். ஒப்பிடும் முன் வரிமுடிவுகளை ஒரே மாதிரி ஆக்கினார். இப்போது தினமும் இரவு விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஸ்கிரிப்ட்டுகள் ஓடுகின்றன.

பொய்யாக அலறும் சோதனைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நான்கு முறை ஏமாந்தவர்கள், ஐந்தாவது முறை உண்மையான தப்பைக் காட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

திங்கட்கிழமை அந்த டெவலப்பரின் மேஜையில் ஒரு சின்ன கேக் பெட்டி இருந்தது. "பாப்பாவுக்குக் கொடுங்க சார். அன்னிக்கு உங்க கோடுல தப்பே இல்ல. தப்பு என்னோடது."

அதைச் சொல்லத்தான் அவருக்கு மூன்று நாள் ஆனது.