தாராவியில் ஒரு பை

சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். சிலர் பழைய நாணயம் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பவை பைகள். அவையும் காய்கறிப் பைகளோ துணிமணிப் பைகளோ அல்ல. கைப்பேசி, சார்ஜர், காதொலிக் கருவி, டார்ச் விளக்கு, பவர் பாங்க் ஆகிய அன்றாடக் கருவிகளை இட்டுச் செல்லும் சிறு பைகள். எண்ணிப் பார்த்தால் பதினொன்று இருக்கின்றன. "கருவி ஐந்து, பை பதினொன்று, இது என்ன கணக்கு?" என்று என் இல்லாள் கேட்பதுண்டு. ரயில்வேயில் நாள்தோறும் கணக்கு முடிக்கும் எழுத்தனாகிய எனக்கு இந்த ஒரு கணக்கிற்கு மட்டும் விடை கூறத் தெரிந்ததில்லை. சென்ற மழைக்காலத்தின் கடைசியில் தாராவியில் ஒரு மாலைப் பொழுதைக் கழித்த பின்னரே ஒருவாறு விடை கிடைத்தது.

முதலில் பைகளைப் பற்றிச் சில சொற்கள். ஊழியருக்குரிய பாஸ் கொண்டு ஆண்டில் ஓரிரு முறை வெளியூர் செல்லும்போது, அவ்வூர்க் கைவேலையில் ஒரு பை வாங்கி வருவது என் வழக்கம். கட்ச்சுப் பகுதியின் பூஜ் நகரில் வாங்கிய பை கண்ணாடிச் சில்லுகள் பதித்த எம்பிராய்டரி வேலை கொண்டது. பார்வைக்கு அழகு, ஆனால் சில்லு பட்டுக் கைப்பேசியின் முகம் கீறிவிடும் என்பதால் அதில் காதொலிக் கருவி மட்டுமே குடியிருக்கிறது. வங்காளத்தில் போல்பூர் நிலையத்தில் இறங்கிச் சாந்திநிகேதனம் சென்றபோது வாங்கியது ஆட்டுத்தோல் பை. அதை அடுத்து, கிராம முன்னேற்றத்திற்கென்று தாகூர் 1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனத்தில் வளர்ந்த கைத்தொழில் அது. தோலில் சித்திரத்தை அழுத்தி எழச் செய்து வண்ணம் தீட்டுகிறார்கள். பவர் பாங்க் அதற்குள் அளவெடுத்தாற்போல் அமர்கிறது.

அந்தப் பவர் பாங்க் ஆடம்பரம் அன்று. ரயில் பெட்டிகளில் தீ விபத்து நேராமல் தடுக்க, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் ஏற்றும் முனைகளை நிறுத்தி வைக்க 2021-இல் ரயில்வே முற்பட்டது. ஊருக்கு நெடும்பயணம் செய்யும் நம் குடும்பங்கள் படுக்கைக்கு முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்வது நலம். இன்னொன்று, ஊர்த் திருமணமொன்றில் தாம்பூலத்தோடு கிடைத்த மஞ்சள் பை. தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கும் முன்பே என் வீட்டில் அது சார்ஜர்க் கம்பிகளைச் சுமந்துகொண்டிருந்தது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது என் தந்தையாரின் டிரான்சிஸ்டர் ரேடியோவின் தோல் உறை. நான்கு கட்டை போட்ட அந்தப் பெட்டியில் அவர் இலங்கை வானொலி கேட்பார். ஒலி வெளிவருவதற்காக உறையின் முகத்தில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தா குரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி ஆறு கரை புரண்டதை மும்பைத் தமிழர் மறக்கமாட்டார்கள். சயானில் எங்கள் அறையிலும் மார்பளவு நீர் நின்றது. வடிந்தபின் பார்த்தால் ரேடியோ உயிர்விட்டிருந்தது. என் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் கூழாகிக் கிடந்தன. தந்தையாரோ அந்த உறையை நிழலில் உலர்த்தித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். புத்தகம் போன வீட்டில் வெற்று உறைக்கு உபசாரமா என்று எனக்குச் சினம் பொங்கியது. சில நாள் கழித்து அவர் அதை என்னிடம் நீட்டி, "காம்பஸ் பெட்டி, பேனாவெல்லாம் இதிலே வைத்துக்கொள்" என்றார். ஓட்டைப் பையோடு பள்ளிக்குப் போனால் தோழர்கள் நகைப்பார்களே என்று எனக்கு வெட்கம். அதைச் சொல்லாமல், "ஓட்டை வழியாகப் பேனா விழுந்துவிடும்" என்று மறுத்துவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுபடி அதை நீட்டவும் இல்லை. பின்னாளில் ரேஷன் அட்டையும், அதன் பிறகு அவருடைய கைப்பேசியும் அதில் இருந்தன. 2019-இல் அவர் காலமான பின் உறை என்னிடம் வந்தது; அன்று முதல் என் கைப்பேசிக்கு அதுவே வீடு.

சென்ற ஆண்டு அதன் தோள்வார் அறுந்தது. தோல் வேலை என்றால் மும்பையில் தாராவிதானே! சயான் நிலையத்தில் இறங்கி மேற்கே நடந்தேன். தாராவி முதலில் கோலி மீனவரின் சிற்றூர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்திலிருந்து, சிறப்பாக நெல்லைச் சீமையிலிருந்து, தோல் பதனிடுவோர் இங்கு வந்து குடியேறினார்கள். அன்று பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் தோலை அருகிலேயே தந்தது. அது 1971-இல் தேவ்னாருக்குப் பெயர்ந்தது. பதனிடும் தொட்டிகள் இன்று தாராவியில் அநேகமாக இல்லை. பதனிட்ட தோல் வெளியூர்களிலிருந்து வருகிறது. வெட்டுவதும் ஒட்டுவதும் தைப்பதும் சந்துகளுக்குள் நடக்கின்றன. விற்பனை சயான்–பாந்திரா சாலையில் கண்ணாடிக் கதவுக் கடைகளில் நடக்கிறது.

அக்கடைகளில் மூன்றில் என் உறையைக் காட்டினேன். மூவரும் புதுப்பை எடுத்துக் காட்டினார்களே தவிர, பழையதைத் தொடவில்லை. மூன்றாவது கடையில் தேநீர் கொண்டுவந்த சிறுவன், "உள்ளே போனால் ஒரு தாத்தா இருக்கிறார்" என்று வழி காட்டினான். இருவர் எதிரெதிரே நடக்க இயலாத சந்து. தையல் இயந்திரங்களின் இரைச்சல். ரப்பர் சொல்யூஷனின் நெடி. மேலே பரணும் கீழே பட்டறையுமான ஓர் அறையில் எழுபது வயது மதிக்கத்தக்க பெரியவர் தரையில் அமர்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, இந்த வாரை மாற்ற வேண்டும்" என்றேன்.

"நம்ம ஊர்ப் பிள்ளையா? உட்காருங்க தம்பி" என்று உறையை வாங்கியவர், முதலில் அறுந்த இடத்தை முகர்ந்தார், பிறகு வெட்டு விளிம்பைப் பார்த்தார். குரோமியத்தில் பதனிட்ட தோலின் வெட்டுவாயில் பெரும்பாலும் நீலச் சாம்பல் ஓடும் என்றும், இது அப்படி இல்லாமல் முழுதும் பழுப்பாக இருப்பதால் பட்டையிட்டுப் பதனிட்டது என்றும் விளக்கினார். தமிழகத்தில் ஆவாரம் பட்டையை ஊறவைத்துப் பதனிடும் பழைய முறையைத் தம் தகப்பனார் செய்ததாகவும் கூறினார்.

பிறகு உறையின் வாயை விரித்து உள்ளே நோக்கினார். நெற்றி சுருங்கியது. "இதை யார் தைத்தது?"

"கம்பெனித் தையல்தான்."

"வெளியே கம்பெனித் தையல். உள்ளே இல்லை. இங்கே பாருங்க. இயந்திரம் மேல் நூல், கீழ் நூல் என்று இரண்டு நூலால் பின்னும். ஓரிடத்தில் அறுந்தால் உருவிக்கொண்டே போகும். இது ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒரே துளையில் இரு பக்கமும் நுழைந்து வரும். ஓரிடம் அறுந்தாலும் மற்றது விடாது. ஆனால் தொழிலாளி கை இல்லை. துளை ஏறியும் இறங்கியும் இருக்கிறது. பக்கத்தில் யாரையோ பார்த்துக் கற்றுக்கொண்டு தைத்திருக்கிறார்." விரலை உள்ளே விட்டுத் தடவினார். "ஓட்டைகளை உள்ளேயிருந்து மூடியிருக்கிறார். தனித் தோல்கூட இல்லை; இடுப்பு வாரை மூன்று துண்டாக நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்."

நான் அதை வாங்கிப் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் கைவிட்டு எடுக்கும் உறை. உள்தோல் என்றும் உள்ளதுதான் என்று எண்ணியிருந்தேன். ஓட்டை வழியாகப் பேனா விழும் என்று நான் சொன்ன சாக்கை அவர் மெய்யென்றே ஏற்றுக்கொண்டிருக்கிறார். யாரிடமோ ஊசி பிடிக்கக் கற்றிருக்கிறார், தைத்து முடித்திருக்கிறார். முடித்தபின், மறுத்த பையனிடம் இரண்டாம் முறை நீட்ட மனம் வராமல் எடுத்து வைத்துவிட்டார். அந்த ஆண்டிற்குப் பிறகு அவர் இடுப்பில் வார் அணிந்ததாக எனக்கு நினைவில்லை. நான் அதை அன்று கவனித்ததும் இல்லை.

பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்கவில்லை. குத்தூசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் புது வாரை இரண்டு ஊசித் தையலாகவே பொருத்தினார். உள்தையலில் ஓரிடம் நைந்திருந்தது. அதையும் சரி செய்யட்டுமா என்று கேட்டு, நான் பதில் கூறுமுன் தாமே, "வேண்டாம், அது தாங்கும்" என்றார். கூலி நூற்றைம்பது ரூபாய்.

விடைபெறும்போது, தாராவியைப் புதிதாகக் கட்டும் திட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 2022-இல் ஒப்பந்தப்புள்ளி முடிவானது முதல் சந்தில் அதே பேச்சுத்தானாம். "வீடு எங்கேயாவது கொடுப்பார்கள், தம்பி. மேலே படுத்துக் கீழே தைக்கிற இடம் கொடுப்பார்களா?" என்றார். மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இல்லாளின் கணக்கிற்கு இப்போது விடை சொல்கிறேன். கருவி இரண்டு மூன்று ஆண்டில் பழுதாகும், புதியது வரும், பழையதை எவரும் நினைப்பதில்லை. பையோ ஒருவர் நமக்காகக் கையால் செய்தது. அதில் அவர் நினைத்தது தங்கிவிடுகிறது. ஊரை விட்டு வந்த நம் வீடுகளில் பரண்மேல் இப்படி எத்தனையோ பழைய உறைகளும் பைகளும் கிடக்கும். எறியும் முன் ஒரு முறை உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். என் மகள் அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். காம்பஸ் பெட்டியை இந்த உறையில் வைத்துக்கொள்வாயா என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறாள். வற்புறுத்தப் போவதில்லை; ஆனால் இரண்டாம் முறையும் கேட்பேன்.