உருளைக்குக் காது கொடு

கண்ணு, நேற்று ராத்திரி நீ போனில் காட்டிய காப்பி வறுக்கும் மெஷின் அழகாகத்தான் இருந்தது. கண்ணாடி ஜன்னல், உள்ளே சுழலும் உருளை, சூடு ஏறுவதைக் கோடு போட்டுக் காட்டும் திரை. "வாங்கட்டுமா தாத்தா?" என்று கேட்டாய். உன் இரண்டு மாதச் சம்பளம் போகிற விஷயம். வாயில் வந்ததைச் சொல்ல மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சேலத்தில் எங்கள் வீட்டில் ஒரு குமுட்டி அடுப்பும் இரும்புத் தகட்டில் செய்த ஓர் உருளையும் இருந்தன. பச்சைக் கொட்டை ஏற்காட்டிலிருந்து வரும். கலெக்டர் காக்பர்ன் 1820-களில் அந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். அம்மா கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது; மூக்கும் காதும்தான். முதலில் புல் வாடை, அப்புறம் கோதுமை வறுபடுகிற வாசம், அதற்கப்புறம் சோளம் பொரிகிற மாதிரி பட், பட்டென்று முதல் வெடிச்சத்தம். அது அடங்கும். கொஞ்சம் அமைதி. பிறகு கடுகு தாளிக்கிற மாதிரி மெல்லிய சத்தம் தொடங்கும். அந்த இடத்தில் உருளையை இறக்கி, கொட்டையை முறத்தில் கொட்டி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் புடைப்பார். உமி காற்றில் பறக்கும். அரைப்பது மறுநாள்தான்.

முதல் வெடிப்பு ஏறக்குறைய 200 டிகிரியில், இரண்டாவது 225-ஐ ஒட்டி என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு அந்த எண்கள் தெரியாது. அவர் கருகவிட்ட ஒரு நாள்கூட எனக்கு நினைவில்லை.

எண்களை நம்பித்தான் நான் பிழைத்தேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், இரும்பைச் சூடாக்கிக் கடினப்படுத்தும் பட்டறையில் முப்பது வருஷம். அங்கே சேர்ந்த புதிதில் ஒரு நாள், உலை மீட்டர் 850 காட்டியதும் தண்டுகளை எடுத்து எண்ணெயில் இறக்கிவிட்டேன். சோதித்துப் பார்த்தால் அத்தனையும் மெத்தென்றிருந்தன. மீட்டர் பொய் சொல்லவில்லை. அது உலையின் சூட்டைச் சொன்னது. தண்டின் நடுவில் சூடு இறங்கியதா என்று நான்தான் பொறுத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஈடு முழுக்கக் கழிவாகப் போனது. தப்பு என்னுடையது.

நீ காட்டிய மெஷினின் திரையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் தெர்மோகப்பிள் கொட்டைக் குவியலுக்குள் முங்கியிருந்தால்தான் கொட்டையின் சூட்டைக் காட்டும். உருளையில் கொட்டையை மிகக் குறைவாகப் போட்டால் அது காற்றைத்தான் அளக்கும். கோடு என்னவோ அழகாகத்தான் ஏறும்.

ஆறு மாதமாக நீ பாப்கார்ன் மெஷினில் வறுக்கிறாய். ஒரு நாள் வெளுத்துப்போகிறது, ஒரு நாள் கறுத்துப்போகிறது, மெஷின் சரியில்லை என்கிறாய். போன வாரம் நான் மல்ட்டிமீட்டரை எடுத்து பால்கனி பிளக்கில் வைத்துப் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு 232 வோல்ட். ராத்திரி எட்டரைக்கு, எல்லா மாடியிலும் ஏசி ஓடும்போது, 200. கம்பிச் சுருளின் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230-க்குப் பதில் 200 வந்தால் சூட்டில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம். வேலை முடிந்து வந்து ராத்திரியில் வறுக்கும் நாளில்தான் உனக்கு வெளுத்துப்போகிறது. இந்த ஐயப்பன்தாங்கல் பிளாட்டில் எந்த மெஷினை வாங்கி வைத்தாலும் அதே பிளக்கில்தானே சொருக வேண்டும்? முதலில் ஒரு மாதம் காலையில் வறுத்துப் பார்.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது, அதை நீ சொல்லவேயில்லை. நாம் நாலு பேர், இரண்டு வேளை காப்பி. நாளைக்கு 60 கிராம் பொடி என்றால் வாரத்துக்கு 420. வறுத்தால் நூறு கிராமுக்குப் பதினைந்து முதல் இருபது வரை எடை குறையும். ஆக வாரத்துக்கு அரைக் கிலோ பச்சைக் கொட்டை வேண்டும். உன் பாப்கார்ன் மெஷின் ஓர் ஈட்டுக்கு 80 கிராம்தான் தாங்குகிறது. ஏழு ஈடு, நடுநடுவே மெஷின் ஆற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பகல் பூரா போய்விடுகிறது. கொரியாவின் ஜீன் கஃபே போல 300 கிராம் கொள்ளும் உருளை இருந்தால் இரண்டே ஈட்டில் முடியும். இதற்காக வாங்கு. திரைக்காக வாங்காதே.

ஆறவைக்கும் தட்டு தனியாக இருக்கிறதா என்று பார். அடுப்பை அணைத்த பிறகும் கொட்டைக்குள் இருக்கும் சூடு வறுத்துக்கொண்டே போகும். அதே உருளைக்குள் ஆறவைக்கும் மெஷின்கள் உண்டு. பத்து நிமிடம்கூட ஆகலாம். அதை வாங்கினால், நீ நினைத்த நிறத்துக்கு முன்னாலேயே நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். உன் அண்ணன் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒன்றைத் தூக்கிவரச் சொல்லாதே. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்டேஜை இறக்கலாம், ஹெர்ட்ஸை மாற்ற முடியாது; சில மோட்டார்கள் இங்கே வேகம் குறைந்துதான் சுற்றும்.

புகை இன்னொரு விஷயம். மெட்ரோ தூண்களைப் பார்த்த நம் பால்கனியில் 80 கிராமின் புகை பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. 300 கிராமை இரண்டாம் வெடிப்பு வரை கொண்டுபோனால் அவர்கள் துணி உலர்த்தும் கொடி வரை வரும். முன்கூட்டிச் சொல்லிவிடு, முதல் பொடியில் கொஞ்சம் கொடு. உமியில் தீப்பிடிக்கும், மெஷின் ஓடும்போது போன் வந்தாலும் நகராதே.

கொட்டைக்குப் பணம் எடுத்து வை. 1942-ல் வந்த சட்டத்தால் தோட்டக்காரர்கள் விளைந்ததைக் காப்பி வாரியத்திடம்தான் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டு 1996-ல்தான் முழுக்க அவிழ்ந்தது. இன்று ஏற்காட்டுக்காரரிடமோ தாண்டிக்குடிக்காரரிடமோ நீயே பேசி வாங்கலாம். எங்கள் காலத்தில் அது கிடையாது. இரண்டு கிலோவுக்கு மேல் வாங்கி அடுக்காதே. மழைக்காலத்தில் இந்த ஊர் ஈரம் கொட்டையில் ஏறினால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன், மைக்ரோவேவ் மேல் இருக்கிறது. போட்ட எடை, எடுத்த எடை, முதல் வெடிப்பு எத்தனையாவது நிமிடம், அந்த நேரத்து வோல்டேஜ். நாலே கட்டம். முப்பது ஈடு எழுது. அதைப் பார்த்து பாப்கார்ன் மெஷினால் எது முடியவில்லை என்று நீயே ஒரு வரியில் சொல். நான் பாதிப் பணம் போடுகிறேன்.

பரணில் அம்மாவின் உருளை இருக்கிறது. கைப்பிடி ஆடுகிறது, ஒரு ரிவெட் அடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறக்கிக் கொடு. கரி நான் வாங்கி வருகிறேன், மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம். நீ சுற்று. சத்தம் வரும்போது நான் சொல்ல மாட்டேன்.