சண்முகசுந்தரத்தின் வீம்பு

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. "பதவி உயர்வே வேண்டாம், மதுரைக்கே போயிடலாம்" என்கிறாள் மனைவி. நாலு நாளாகப் பேச்சில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா 'தில்லானா மோகனாம்பாள்' போடச் சொன்னார். 1968-ல் வந்த படம். பக்கத்து வீட்டுச் சேச்சியும் வந்து உட்கார்ந்துவிட்டார். பத்மினி திருவனந்தபுரத்துப் பெண்ணாயிற்றே!

நாதஸ்வரம் வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள் என்று தெரிந்தும், சிவாஜியின் கன்னம் உப்பும்போது அவரே ஊதுவதாகத்தான் தோன்றுகிறது. ஆனால் இதில் காதலுக்கு வில்லன் வைத்தி மட்டுமில்லைங்க, சண்முகசுந்தரத்தின் வீம்பும்தான். மனசு முழுக்க மோகனா, வாயைத் திறந்தால் கோபம். இந்த வீம்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. படம் பழசாகாததற்கு அதுதான் காரணம்.

"இங்கேயும் ஒரு சண்முகசுந்தரம்" என்றாள் மனைவி. சிரித்துவிட்டேன். மறுநாளே மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாச்சு.