காடாத் துணியில் ஒரு கலெக்‌ஷன்

மங்கலத்தைத் தாண்டி மேற்கே போனால், சாமளாபுரம் வருவதற்கு முன்பே தறிச்சத்தம் வந்துவிடும். திருப்பூர் பனியன் ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் மேற்கு விளிம்பு நெசவு பூமி. சாமளாபுரம், சோமனூர், கருமத்தம்பட்டி, தெற்கே பல்லடம் என்று கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சுமார் 2 லட்சம் விசைத்தறிகள் ஓடுகின்றன. பெரும்பாலானவை கூலித் தறிகள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து, கூலியை வாங்கிக்கொண்டு, வெளுக்காத காடாத் துணியாகத் திருப்பிக் கொடுப்பார்.

அப்படி ஒரு கூலித் தறிக்காரரின் மகள் திருப்பூரில் ஃபேஷன் டிசைன் இறுதியாண்டு படிக்கிறார். படிப்பின் முடிவில் ஐந்து உடைகள் கொண்ட ஒரு கலெக்‌ஷன் தைத்து, போட்டோ ஷூட் நடத்தி, ஆல்பமாக ஒப்படைக்க வேண்டும். அதற்கு அப்பா நெய்த காடாவையே எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் நான் போனேன். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கத்தின் முயற்சியில் நிஃப்ட்-டீ கல்லூரி 1997இல் தொடங்கியபோது இந்தப் படிப்பு இந்தப் பக்கத்துக்குப் புதிது. இன்று தறிக்குடோனுக்கு அடுத்த அறையில் பேட்டர்ன் பேப்பர் விரித்திருக்கிறது.

உலகத்தில் எந்த ஊரில் ஆடை வடிவமைப்பு படித்தாலும் முதலில் கையில் கிடைப்பது வெளுக்காத பருத்தித் துணிதான். பேட்டர்ன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதில் ஒரு மாதிரி தைத்து, பொம்மையில் மாட்டி, குண்டூசி குத்தி, கோடு போட்டு, பிறகு மூலையில் எறிந்துவிடுவார்கள். ‘நல்ல’ துணி அதன்பிறகுதான் வரும். இந்தப் பெண் எறிகிற துணியையே உடையாக்கியிருக்கிறார். எனக்கு அது பிடித்திருந்தது. பாரிஸ் மாணவர்களுக்குக் காடா கடையிலிருந்து வருகிறது. இவருக்கு அது பிறந்ததிலிருந்து தூங்கும்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருப்பது.

ஆனால் காடாவை அப்படியே வெட்ட முடியாது. தறியில் பாவு அறுந்துவிடாமல் இருக்க, சைசிங் ஆலையில் நூலுக்கு மாவுக் கஞ்சி ஏற்றுகிறார்கள். அந்தக் கஞ்சி துணியிலேயே தங்கியிருக்கும். போதாததற்குப் பருத்தியின் மெழுகு வேறு. தண்ணீரை ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும், சாயம் பிடிக்காது. இரவு முழுக்க ஊறவைத்து, சலவைச் சோடா போட்டுக் கொதிக்கவைத்து, அலசிக் காயவைத்தால் துணி சுருங்கி மெத்தென்று ஆகிறது. சுருங்கவிடாமல் தைத்தால் முதல் சலவையிலேயே சட்டை இறுகிவிடும்.

அடுத்தது சாயம். சாயப்பட்டறைகளில் நூற்றுக்கணக்கான கிலோ கொண்டுபோனால்தான் ஒரு லாட். சில மீட்டர் காடாவுக்கு யாரும் மிஷினைத் திறக்கமாட்டார்கள். சாயக்கழிவு நொய்யல் ஆற்றை என்ன செய்தது என்பதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னதும் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டுப் பேச்சு. இவர் கடுக்காயைக் கையில் எடுத்தார். கடுக்காய்ப் பொடிக் கரைசலில் நனைத்தால் துணி மங்கலான மஞ்சள் ஆகும். அதன்மேல் இரும்புத் தண்ணீர் பட்டவுடன் கண் முன்னாலேயே சாம்பலாகி, அடுத்தடுத்த முக்கலில் கருக்கும். கலம்காரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். தறிக்குடோனில் கழற்றிப்போட்ட துருப்பிடித்த போல்ட்டுகளை வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டு இரும்புத் தண்ணீர் எடுத்திருந்தார். இரும்பு அதிகமானால் பருத்தி இற்றுவிடும். அதனால் ஒவ்வொரு முக்கலுக்கும் ஒரு துண்டு வெட்டி, நேரத்தைப் பேனாவால் எழுதி, நோட்டில் வரிசையாக ஒட்டியிருந்தார். ஆல்பத்தின் எந்தப் படத்தையும்விட அந்த நோட்டைத்தான் நான் அதிக நேரம் புரட்டினேன்.

தையலில்தான் அவருக்குச் சோதனை. உடலுக்குத் தறித் துணி, பக்கவாட்டுக்கும் கைக்கும் பனியன் துணி என்று இந்த வட்டாரத்தின் இரண்டு துணிகளையும் ஒரே சட்டையில் சேர்க்க நினைத்திருக்கிறார். தறித் துணி இழுபடாது. சிங்கிள் ஜெர்சி என்னும் பனியன் துணி இழுபடும், வெட்டிய ஓரம் சுருளும். இரண்டையும் சேர்த்து ஓட்டினால் தையல் அலை அலையாக நிற்கும். கல்லூரியில் படித்தும் அது சரிவரவில்லை. கைகொடுத்தது பக்கத்துத் தெருவில் இருக்கும் ஓர் அக்கா. அவர் திருப்பூர் பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது தையல்காரருக்கு உதவியாளராகச் சேர்ந்து, பவர் டேபிள் தையலுக்கு உயர்ந்து, இப்போது சாம்பிள் தைக்கிறவர். நான் போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில்தான் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“பனியன் துணியக் கீழ போடு கண்ணு. பல்லு தானா இழுத்துக்கும். மேல போட்டீன்னா பாதம் தள்ளிக்கிட்டே போகும்” என்றார். ஊசியையும் மாற்றச் சொன்னார். கூர் ஊசி பனியன் துணியின் கண்ணியை அறுத்துவிடும், அந்த ஓட்டை தைக்கும்போது தெரியாது, இரண்டு சலவைக்குப் பிறகு தெரியும். அதற்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி வேண்டும். கழுத்துக்கு ரிப் வைக்கும்போது கழுத்தளவைவிடக் குறைத்து வெட்டி, நான்கு இடத்தில் அடையாளம் வைத்து, ரிப்பை மட்டும் இழுத்துக்கொண்டே ஓவர்லாக் ஓட்டினார். விட்டவுடன் கழுத்து வட்டமாகப் படிந்தது. எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கேட்டதற்கு அவர் எண் சொல்லவில்லை. ரிப்பை விரலில் இழுத்துக் காட்டி, “இது எவ்வளவு வருதோ பாத்துக்கோணும். எல்லாத் துணியும் ஒண்ணாட்டம் வராது” என்றார். மாணவி அதையும் சென்டிமீட்டராக்கி நோட்டில் எழுதிக்கொண்டார். கம்பெனியில் ஒரு டி-ஷர்ட் பல கைகளில் பிரிந்து நகரும். தோள் ஒருவர், கழுத்து ஒருவர், கை ஒருவர். முழு உடையை ஒரே ஆள் தைப்பது சாம்பிள் அறையில் மட்டும்தான். வடிவமைப்பு படிக்கிற பிள்ளைகள் நேராக உட்கார்ந்து பழக வேண்டிய இடம் அது என்று நான் நினைக்கிறேன்.

அதுவரை தைத்து முடித்த உடைகளின் படப்பிடிப்பை நொய்யல் தண்ணீர் வந்து சேரும் சாமளாபுரம் குளத்தின் கரையிலும், தறிக்குடோனிலும் வைத்துக்கொண்டார்கள். குளக்கரைக்குக் காலை வெயில் போதும். குடோன்தான் சிக்கல். ஓடும் தறிக்குப் பக்கத்தில் தொங்கும் துணியோடு யாரையும் நிறுத்த முடியாது. நாடாவும் பெல்ட்டும் ஆள் பார்க்காது. தறியை நிறுத்தினால் அந்த நேரத்துக் கூலி போகும். 2021 நவம்பரில் அறிவித்த கூலி உயர்வு கைக்கு வராததால், 2022 தொடக்கத்தில் இந்த வட்டாரமே வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடியது. நிறுத்துவது என்றால் என்ன என்று மாணவியின் வீட்டுக்குத் தெரியும். அதனால் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிற்கும் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றும் நான் போயிருந்தேன். விளக்கு கிடையாது, ஜன்னல் வெளிச்சம் மட்டும். மாடலாக நின்றது சித்தி மகள்.

கேமராக்காரர் வழக்கப்படி முதுகுப்பக்கம் கிளிப் போட்டுச் சட்டையைப் பிடித்துவிடப் போனார். எல்லா ஷூட்டிலும் நடப்பதுதான். முன்னால் அளவெடுத்ததுபோல் நிற்கும், பின்னால் வரிசையாகக் கிளிப் இருக்கும். மாணவி மறுத்துவிட்டார். சித்தி மகளைத் தறிகளுக்கு நடுவே நடக்கவும், குனிந்து ஊடை நூல் சுற்றிய தார்கள் இருக்கும் பெட்டியை எடுக்கவும் சொல்லி, அப்படியே எடுக்கச் சொன்னார். இடுப்பில் கொஞ்சம் மடிப்பு விழுந்தது. படத்தில் அது இருக்கிறது, இருக்கவும் வேண்டும். ஒரு உடையை உள்பக்கம் திருப்பிப் போட்டே படம் எடுத்தார்கள். ஓவர்லாக் விளிம்பும், ரிப் சேர்ந்த தையலும், அந்த அக்காவின் கையும் அதில் தெரிகின்றன.

மதியத்துக்கு மேல் மின்சாரம் வந்தது. தறிகளைப் போட்டுவிட்டு வந்த அப்பாவிடம் மகளின் உடைகளைப் பற்றிக் கேட்டேன். “நல்லாத்தானுங்க இருக்குது” என்றவர், பேச்சைத் துணிக்குத் திருப்பினார். அவர் நெய்ததுதான், ஆனால் அவருடையதல்ல. நூல் கொடுத்தவரிடம் கேட்டு, விலை போட்டுத்தான் மகளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

“அம்மிணி, இந்தப் பாவு இன்னும் நாலு நாள்ல தீந்துரும். அடுத்தது வேற ரகம். இதே துணி வேணும்னா இப்பவே சொல்லிப்போடு, கேட்டு வெக்கோணும்.”

ஐந்தாவது உடைக்கு இன்னும் துணி வெட்டவில்லை. மாணவி பேட்டர்ன் பேப்பரை விரித்து, துணியின் அகலத்தைக் கேட்டு, கையைத் திருப்பி வைத்தால் மிச்சமாகுமா என்று பார்த்துக் கணக்குப் போட்டார். “ஆறு மீட்டருங்கப்பா. சுருக்கத்துக்கும் சேத்து ஏழு.”

“கூலியில கழிச்சுக்கச் சொல்றேன்” என்று சொல்லிவிட்டு, அவர் தார் மாற்றப் போனார்.