டெட்ராய்ட் காரும் குளுவாங் பால்மரமும்

அமெரிக்கச் சமூக வரலாறு கற்பிக்கிறேன் என்று சொன்னால், ஜொகூரில் பலரும் முதலில் கேட்பது, "நம்ம பிள்ளைகளுக்கு அது எதுக்கு சார்?" என்பதுதான். கேள்வியில் நியாயம் இருக்கிறது. என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் மாசாயிலும் ஸ்கூடாயிலும் கூலாயிலும் வளர்ந்தவர்கள். அப்பாவோ அண்ணனோ விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார். தாத்தாவும் பாட்டியும் ஏதோ ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டது. இந்தப் பிள்ளைகளிடம் வாஷிங்டனையும் லிங்கனையும் கொண்டுவந்து நிறுத்தினால் தேர்வுக்கு மனப்பாடம் செய்வார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

அதனால் என் முதல் பாடம் அதிபர்களைப் பற்றியது அல்ல. டயரைப் பற்றியது.

1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு தன் டெட்ராய்ட் கார்த் தொழிலாளர்களுக்கு நாளுக்கு 5 டாலர் என்று அறிவித்தார். அது கொடை அல்ல. அந்தக் கூலியைப் பெறுகிறவர் குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா, பணம் சேமிக்கிறாரா என்று பார்க்க நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வீட்டுக்கே வந்தார்கள். அந்தக் கார்களுக்கு டயர் வேண்டும். டயர் செய்தது ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரம். அக்ரனுக்கு ரப்பர் வேண்டும். இங்கே 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவரை வந்து சேர்ந்திருந்தது. அதன் இருபுறமும் காடு விழுந்து ரப்பர் எழுந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்களைக் கங்காணிகள் சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம் எனத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1920களில் உலகம் விளைவித்த ரப்பரில் பாதிக்கு மேல் அமெரிக்காவே வாங்கியது. டெட்ராய்ட் தொழிலாளியின் வீட்டில் ஆய்வாளர். குளுவாங் தோட்டக் குடியிருப்பான லயத்தில் கணக்கரான கிராணியும் மேற்பார்வையாளரான தண்டலும். இரண்டும் ஒரே சரக்கின் இரண்டு முனைகள். இதைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அடுத்த வரியில் பெருமந்தம். 1929இல் 50 லட்சத்துக்கு மேல் வாகனங்கள் செய்த அமெரிக்கா 1932இல் சுமார் 13 லட்சமே செய்தது. 1925இல் நியூயார்க்கில் ஒரு ராத்தல் ரப்பர் ஒரு டாலருக்கு மேல் விற்றது. 1932இல் ஏறக்குறைய 3 சென்டுக்கு இறங்கியது. டெட்ராய்ட்டில் வாயில் மூடியபோது இங்கே லயம் காலியானது. லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து பல லட்சம் மெக்சிகோ மக்கள் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார்கள். அமெரிக்க மண்ணிலேயே பிறந்த குடிமக்களும் அவர்களில் இருந்தார்கள். வேலை இருக்கும்வரை ஆள் வேண்டும், வேலை போனதும் ஆளும் போக வேண்டும் என்ற கணக்கு இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். இந்தப் பாடம் நடக்கும் நாளில், இங்கே 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதையும், சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த தோட்டத்துக் குடும்பங்கள் பல தமிழ்நாட்டுக்குத் திரும்பியதையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்பிலேயே யாராவது ஒருவர், "எங்க தாத்தாவோட தம்பி அப்படித்தான் போனாரு சார்" என்பார்.

ஒப்பிடுவது எளிது, கணக்காக ஒப்பிடுவதுதான் தொழில். பிள்ளைகள் உடனே, "அப்போ நம்ம ஆளுங்களும் அடிமைங்கதானே?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் அவசரப்பட நான் விடுவதில்லை. அமெரிக்க அடிமை சட்டப்படி ஒருவரின் சொத்து; அவரை விற்கலாம், அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளையும் அவளுடைய எசமானுக்கே சொந்தம். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தது. அதன்பின் வந்தவர் ஒரு மாத முன்னறிவிப்போடு தோட்டத்தை விட்டுப் போகலாம் என்றது சட்டம். கடன், கங்காணி, போக வேறு இடமின்மை ஆகியவை அந்த உரிமையை எவ்வளவு தூரம் விழுங்கின என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாகக் கேட்டால்தான் நம் முன்னோரின் துன்பம் அதன் சொந்த உருவில் தெரியும். இன்னொருவர் துன்பத்தின் பெயரை இரவல் வாங்கிச் சூட்டினால் இரண்டுமே மங்கிப்போகும்.

துன்பத்தோடு எதிர்ப்பையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். 1936இல் அக்ரனில் குட்இயர் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கிள்ளான் கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது; துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. சமூக வரலாறு என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு நான் காட்டுவது அந்தச் சைக்கிளைத்தான். ஒரு மனிதன் எந்த இடத்தில் குனிய மறுத்தான் என்பதைக் கூலிப் பட்டியல் சொல்லாது.

சரி, எது சொல்லும்? இந்தக் கேள்விக்கு அமெரிக்க வரலாற்றாசிரியர்கள் கடுமையாக உழைத்துப் பதில் தேடியிருக்கிறார்கள். நான் அவர்களிடம் பட்ட கடன் இதுதான். 1936 முதல் 1938 வரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டம், அடிமைகளாக இருந்த 2,300க்கும் மேற்பட்டவர்களைப் பேட்டி கண்டது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் சூசன் ஹாம்லின் என்ற மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியே பேட்டி கண்டார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண். அவரிடம் மூதாட்டி தன் எசமான் நல்லவர் என்றார். இன்னொருவர் கறுப்பினத்தவர், அவரிடம் சாட்டையடியையும் குடும்பங்கள் பிரிக்கப்பட்டதையும் பேசினார். ஒரே வாய், ஒரே வாழ்க்கை, இரண்டு சாட்சியம். யார் கேட்டார், கேட்டவரிடம் சொல்பவருக்கு என்ன பயம், என்ன எதிர்பார்ப்பு என்று பார்க்காமல் எந்தச் சாட்சியத்தையும் படிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இந்தப் பாடம் முடிந்ததும் மாணவர்களை வீட்டுக்கு அனுப்புகிறேன், பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லி. "தோட்டத்துல கஷ்டமா பாட்டி?" என்று கேட்டு வருகிறவர், "கஷ்டம்தான்யா, ஆனா நல்லா இருந்தோம்" என்ற ஒரு வரியோடு திரும்புவார். "பெரட்டுக்குப் போறப்ப பிள்ளையை யார்கிட்ட விட்டீங்க?" என்று, விடியற்காலை ஆள்கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்ட பேத்திக்கு முழு மாலையும் போதவில்லை. ஆயாக் கொட்டகை, இருட்டில் தூக்கிப்போன தூங்கும் பிள்ளை, பால் கொடுக்க ஓடிவந்து தாமதமானதற்கு அரை நாள் கூலி எழுதிய தண்டல், வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டிய நானூறு, ஐந்நூறு மரம், தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் தொங்கிய பால் வாளியின் கனம், மழை வந்தால் போகும் அன்றைய கூலி என எல்லாம் வந்தது. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில். கையும் காலும் என்ன செய்தன என்று கேட்டால்தான் வாழ்க்கை வெளியே வரும்.

ஆவணங்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். மெய்ன் மாநிலத்து மருத்துவச்சி மார்த்தா பல்லார்டு 1785 முதல் 1812 வரை எழுதிய நாட்குறிப்பை, அற்ப விஷயங்கள் என்று பலர் ஒதுக்கிவைத்திருந்தார்கள். வரலாற்றாசிரியர் லாரல் தாட்சர் உல்ரிச் அந்த அற்பங்களையே நாள் நாளாகப் படித்து ஓர் ஊரின் பெண்கள் நடத்திய பொருளாதாரத்தையே மீட்டெடுத்தார். 1991இல் அந்த நூலுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. நம் தோட்டத்து மருத்துவச்சிகள் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேடு இருக்கிறது, தோட்டத் தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடு இருக்கிறது, கோயில் திருவிழாக் கணக்கு இருக்கிறது, இந்திய அரசின் முகவர் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகள் இருக்கின்றன. கெர்னியல் சிங் சந்து, சின்னப்பா அரசரத்தினம் போன்ற ஆய்வாளர்கள் பெரிய சித்திரத்தைத் தந்துவிட்டார்கள். அந்தச் சித்திரத்துக்குள் ஆட்களை நிறுத்தும் வேலை பாக்கி நிற்கிறது.

அந்த வேலைக்குக் காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி 1865இல் ஒழிந்தது. அரசு பேட்டியெடுக்க வந்தது 70 ஆண்டுகள் கழித்து. அதற்குள் வளர்ந்த ஆளாக அடிமைவேலை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் போய்விட்டார்கள். கிடைத்தவர்களில் பெரும்பாலோர் விடுதலையின்போது சிறுவர்களாக இருந்தவர்கள். நமக்கு நிலைமை அப்படி இல்லை. தோட்டங்கள் விற்கப்பட்டு லயங்கள் காலியாகி ஒரு தலைமுறைதான் ஆகிறது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் முழு ஆளாகப் பேர் பதிந்து வேலை செய்த பெண்கள் இன்றும் ஸ்கூடாய் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே உட்கார்ந்து அவர்கள் மொழியிலேயே கேட்க அவர்கள் வீட்டுப் பிள்ளையே இருக்கிறது. சார்ல்ஸ்டனில் கிடைக்காத வாய்ப்பு இது. என் வகுப்பில் அமெரிக்கா படிப்பதன் பயன் இதுதான்: தாமதித்த ஒரு நாடு எதை இழந்தது என்பதைப் பார்த்துவிட்டு, நாம் தாமதிக்காமல் கேட்பது.