துவாக்குடியின் பரோட்டாக் கல்

2025 செப்டம்பர் 3ஆம் தேதி கூடிய ஜிஎஸ்டி மன்றத்தின் 56ஆவது கூட்டம், பாக்கெட்டில் அடைத்து விற்கும் பரோட்டாவுக்கு இருந்த 18 சதவீத வரியை முழுவதுமாக நீக்கியது. அந்த மாதம் 22ஆம் தேதி அது நடைமுறைக்கும் வந்தது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனை. எந்திரம் தட்டி, உறையவைத்து, உறையில் போட்ட பரோட்டாவின் வழக்கு டெல்லி வரை போய்த் தீர்ந்துவிட்டது. சாயங்காலம் ஆனதும் நம் ஊர்த் தெருவோரத்தில் கையால் வீசி அடிக்கிறாரே, அவருடைய வழக்கை யார் எடுத்துப் பேசுவது? துவாக்குடியில் வசிக்கும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, "எங்க ஊருக்கு வாங்க. நீங்க பேச வேண்டிய மாஸ்டர் ஒருத்தர் இருக்கார்" என்றார்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர்ச் சாலையில் போனால் திருவெறும்பூரைத் தாண்டி வருகிறது துவாக்குடி. 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு பெல் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை இந்தப் பக்கம் எழுந்தது. 1964ல் மண்டலப் பொறியியல் கல்லூரி வந்தது. 2003ல் அது தேசியத் தொழில்நுட்பக் கழகம் ஆனது. ஏறத்தாழ 800 ஏக்கர் வளாகம். விடுதிகளுக்கு ஜிர்கான், கார்னெட், ஓபல் என்று ரத்தினங்களின் பெயர்கள். துவாக்குடி மலைப்பக்கம் அரசு கலைக் கல்லூரியும் அரசு பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. போதாக்குறைக்கு சிட்கோ தொழிற்பேட்டை. பீகாரிலிருந்து வந்து பி.டெக் படிக்கும் பையனும், ஷிப்ட் முடித்த ஃபிட்டரும், நாகப்பட்டினத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகும் லாரி டிரைவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் ஊர் இது. அந்த பெஞ்சுகளில் பெரும்பாலானவை பரோட்டாக் கடை பெஞ்சுகள்.

நண்பர் அழைத்துப்போன கடைக்கு முன்பக்கம் தகரக் கொட்டகை, உள்ளே நாலு மேஜை. மத்தியானமே மாவு பிசைந்தாகிவிட்டது. மைதா, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். சால்னா உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. அது வேறொருவர் கைவேலை. அதற்குள் நான் போகவில்லை. என் கண் முழுக்க மாஸ்டர் மேல்தான்.

ஐம்பதை நெருங்கும் வயது. பனியன், கைலி, தோளில் துண்டு. ஊறிய மாவை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி உருண்டை உருண்டையாகக் கிள்ளினார். எதையும் நிறுக்கவில்லை. எல்லாம் ஒரே அளவு. எண்ணெயில் புரட்டி அடுக்கிவிட்டு மறுபடியும் மூடினார். "ஊறல்லதான் சார் எல்லாம் இருக்கு. அவசரப்பட்டு வீசினா கிழிஞ்சிரும்" என்றார்.

மைதாவைப் பிசையும்போது அதிலுள்ள புரதம் ரப்பர்போல இழுபடும் வலையாகப் பின்னிக்கொள்கிறது. பிசைந்த கையோடு இழுத்தால் அது சுருங்கிப் பின்வாங்கும். ஊறவிட்டால் தளர்ந்து கொடுக்கும். மாஸ்டரின் விரலுக்கு இது தெரியும். ஐந்து மணிக்கு முதல் உருண்டையைத் தட்டி, ஓரத்தைப் பிடித்துத் தூக்கி மேஜைமேல் வீசினார். மூன்றாவது வீச்சில் அது மேஜையின் மரவரி தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. கொசுவிச் சுருட்டி வைத்தார். பக்கத்தில் ஒரு தம்பி அவற்றை உள்ளங்கையால் தட்டித் தட்டிக் கல்லில் போட்டான். வெந்து சிவந்ததும் நான்கைந்தைச் சேர்த்து அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் ஓங்கி அடித்தார் மாஸ்டர். அந்த அடியில்தான் அடுக்கு பிரிகிறது. சூடு என்று கையை இழுத்தால் பரோட்டா தட்டையாகவே கிடக்கும்.

இதையெல்லாம் பார்த்தபின் என் பேச்சு கல்லைப் பற்றித்தான் ஓடியது. நாலடி நீளம், இரண்டரை அடி அகலம். கருத்து, எண்ணெய் குடித்து, பளபளவென்று இருந்தது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன்.

"வாங்கல சார். நான் வெட்டிச் செஞ்சது. பதினாறு எம்எம் பிளேட்டு. கடையில பன்னெண்டுதான் தருவாங்க. அது நாளாக நாளாக நடுவுல வளைஞ்சு எண்ணெய் தேங்கும். சூடு பட்டா பிளேட் எப்படி இழுக்கும்னு எனக்குத் தெரியும். பதினேழு வருஷம் வெல்டிங் அடிச்சிருக்கேன்ல."

அவர் வாழ்க்கை அந்தத் தகட்டில்தான் இருந்தது. பெல் ஆலையை நம்பி இந்த வட்டாரத்தில் நூற்றுக்கணக்கான ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் முளைத்தன. அனல்மின் நிலையங்களுக்கான கொதிகலன் பாகங்களைத் துணை ஒப்பந்தத்தில் செய்து கொடுத்தன. அப்படி ஒரு பட்டறையில் ஹெல்ப்பராக நுழைந்து வெல்டர் ஆனவர் இவர். டன் கணக்கில் வேலை, கையில் இஎஸ்ஐ அட்டை, தீபாவளிக்கு போனஸ். 2010களில் புதிய அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் சரிந்தபோது பட்டறைகளின் வங்கிக் கடன் ஏறியது. ஒவ்வொன்றாக ஓசை அடங்கியது. இவர் வேலை பார்த்த பட்டறை ஒரு திங்கட்கிழமை திறக்கவே இல்லை.

"ரெண்டு பொண்ணு சார். சும்மா உக்கார முடியுமா? மச்சான் கடையில மாவு பிசையப் போனேன். வீச்சு பிடிபட ஆறு மாசம் ஆச்சு. தோள்பட்டை இறங்கிப் போச்சு. ராத்திரி கையைத் தூக்க முடியாது." முன்னங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தீப்பொறித் தழும்புகளுக்கு நடுவே புதிய எண்ணெய்க் கொப்புளங்கள். பட்டறை மூடியபோது பழைய இரும்பில் போகவிருந்த ஒரு வெட்டுத் துண்டை எடைக்குக் காசு கொடுத்து வாங்கிவந்து, ஓரம் மழுக்கி, எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துப் பல நாள் பழக்கி, அடுப்பில் ஏற்றினாராம். இருபது பச்சைப் பரோட்டாவை ஒரே நேரத்தில் போட்டாலும் அந்தக் கனம் சூட்டை விடுவதில்லை.

ஏழு மணிக்கு மேல் பேச நேரமில்லை. "அண்ணா, ரெண்டு செட்டு, ஒரு கொத்து!" என்று விடுதிப் பையன்கள் நின்றார்கள். "தம்பி, அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தகட்டால் கொத்தினார். பெஸ்டம்பர், பிரக்யான் என்று கல்லூரியில் விழா நடந்தால் நள்ளிரவு வரை கல் ஆறாது. ஆனால் மே, ஜூனிலும் டிசம்பர் கடைசியிலும் விடுதி காலி. அப்போது கடை வாரத்தில் சில நாள்தான். இவருக்கு நாள் சம்பளம். கல் சூடாகாத நாளுக்குக் கூலி இல்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கடைக்காரர் ஒன்றும் கொழுத்தவர் இல்லை. 19 கிலோ வணிக சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. விலையும் மாதாமாதம் மாறுகிறது. எண்ணெய் ஏறுகிறது, வாடகை ஏறுகிறது. பரோட்டாவுக்கு ஒரு ரூபாய் ஏற்றினால் பையன்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்று பயப்படுகிறார். இந்த நெருக்கடிக்குள் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் செல்போன் செயலி வந்து உட்கார்ந்திருக்கிறது. அது மாவு பிசையவில்லை, கல்லைத் தொடவில்லை. ஆனால் 100 ரூபாய் விற்பனையில் 25 ரூபாயைக் கழிவாக எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மிச்சமிருக்கும் 75ல்தான் மைதா, எண்ணெய், எரிவாயு, வாடகை, ஐந்து பேர் கூலி எல்லாம். 2022 ஜனவரி 1 முதல் செயலி வழியாகப் போகும் சாப்பாட்டுக்கு 5 சதவீத வரியைச் செயலியே கட்ட வேண்டும்; ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாத சின்னக் கடையின் பரோட்டாவுக்கும் அந்த வரி உண்டு. ஆலைப் பாக்கெட்டுக்குச் சுழியம், கைவேலைக்கு 5. இது என்ன நீதி? உணவகங்களின் தேசியச் சங்கம் கொடுத்த புகாரின்பேரில் 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் இரண்டு பெரிய செயலிகள்மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. பெரிய உணவகங்களே முறையிட வேண்டியிருந்தது என்றால், தகரக் கொட்டகைக் கடைக்கு என்ன குரல் இருக்கும்? செயலிக்காகக் கொண்டுவந்து கொடுக்கும் பையனும் சொந்த வண்டியில் சொந்த பெட்ரோல் போட்டு ஓடுகிறான். உழைக்கிற இரண்டு கைகளுக்கு நடுவே உட்கார்ந்து எடுப்பவனுக்குத்தான் முதல் பங்கு. இதை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. வெல்டராக இருந்தபோது மாஸ்டரிடம் இருந்த இஎஸ்ஐ அட்டை இன்று இல்லை. பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் கட்டாயமாக எட்டிப் பார்க்கும். இந்தக் கடையில் ஐந்து பேர். 1958லேயே தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டம் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் வகுத்தது. "லீவா? உடம்பு முடியலேன்னா லீவு" என்கிறார் மாஸ்டர். தமிழ்நாட்டில் சமையல் தொழிலாளர்களுக்கென்று ஒரு நல வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். விபத்து நிவாரணம், பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, 60க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் உண்டு. இவர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. மாவு பிசைகிறவருக்கும் தட்டுகிற தம்பிக்கும் தெரியவில்லை.

கொதிகலன் ஆலை கிளப்பிய பசியையும் கல்லூரி கிளப்பிய பசியையும் இவரைப் போன்ற மாஸ்டர்கள் அறுபது வருடமாக ஆற்றி வருகிறார்கள். தொழிலாளர் துறை அலுவலர்கள் தஞ்சாவூர்ச் சாலையில் ஒரு சாயங்காலம் மேஜை போட்டு உட்கார்ந்தால், இந்த வரிசையில் இருக்கும் அத்தனை மாஸ்டர்களையும் பதிந்துவிடலாம். வளாகத்து மாணவர்கள் மனது வைத்தால் அவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கலாம். ஆதாரும் செல்போனும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. வாசகர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நடந்துபோகும் தூரத்தில் கடை இருந்தால் நடந்துபோய், கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். காசைக் கல்லாவில் நேரே கொடுங்கள். கை கழுவிவிட்டு வரும்போது, "மாஸ்டர், வாரியத்துல பதிஞ்சாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.