முன்னோரைத் தேடி

கொங்கு நாட்டில் தம் மரபை உரைக்க விழைவார், கூட்டமும் காணியூரும் குலதெய்வமும் கூறுவர். நிலமுடையார்க்கு ரயத்துவாரிக் கணக்குகளும் துணை நிற்கும். பட்டாதாரரையே அறியும் அக்கணக்குகளில் நிலமற்ற எம் முன்னோர்க்கு இடமேது? பிறப்புப் பதிவு நாடெங்கும் கட்டாயமானதும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான்.

எமக்கு உதவியது கோயிலேடு. 1830-இல் அடிஸ் ஐயர் கோயம்புத்தூரில் இலண்டன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கினார். பின்னர் இப்பக்கத்தே தோன்றிய சபைகளில் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவை ஏடுகளில் எழுதப்பட்டன. அத்தகைய ஏடொன்றில், தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்த 1878-ஆம் ஆண்டின்கீழ், எம் பாட்டனாரின் பாட்டனாரைக் கண்டோம். வயது பத்து, பழைய பெயர் கருப்பன், புதுப் பெயர் யாக்கோபு, தாய் மாரி. தந்தை பெயருக்குரிய கட்டம் வெறுமையாயிருந்தது. பஞ்சம் தின்றது அவரையோ, அவர் பெயரையோ! எம் மரபு அவ்வெறுங்கட்டத்தோடு நின்றுவிடுகின்றது. ஆயினும் பசித்து வந்த சிறுவன் ஒருவனை ஒரு வரி நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்தமை எம் நெஞ்சை நெகிழ்வித்தது.

அவ்வரியை இனங்காட்டியது எம் பாட்டியார் நினைவில் வைத்திருந்த ஊர்ப்பெயரே. ஆதலின் நண்பர்காள், விடுமுறையில் முதற்கண் நும் இல்லத்து முதியோரை வினவுமின். பின்னர் ஏடுகளை நாடுமின். ஏடு காத்திருக்கும், முதியோர் காத்திரார்.